விறாந்தைக்கு வரும் அமெரிக்க வாதம்: ஒரு கூற்றைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் திருகோணமலையில் வெளிநாட்டு உறவினர் வந்து தங்காத வீடுகள் குறைவு. உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு நியூ ஜேர்சியில் இருந்து மாமாவும் டெக்சாஸில் இருந்து அத்தானும் ஒரே கிழமையில் வந்து இறங்கினால், கோணேசர் கோயிலுக்குப் போய்வந்த களைப்பு ஆறுமுன்பே விறாந்தையில் பேச்சு ட்ரம்புக்கும் பைடனுக்கும் தாவிவிடும். மாமா ஜனநாயகக் கட்சிக்காரர். அத்தான் குடியரசுக் கட்சியை எந்த இடத்திலும் விட்டுக்கொடாதவர். அந்த நாட்டில் வாக்குரிமையே இல்லாத நாங்களும் எப்படியோ இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறோம். கொரோனாக் காலத்தில் ஊரை மூடியது சரியா, காசோலை கொடுத்தது சரியா, விலைவாசி யாரால் ஏறியது என்று தொடங்கும் வாதம், ஓர் ஆண்டு மூன்று நாள் முகம்கொடுத்துப் பேசாத நிலை வரைக்கும் போனது.

உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்த பழக்கத்தில், அதன் பிறகு நான் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டேன். எந்தக் கட்சி நல்லது என்று சொல்ல அது உதவாது. ஒருவர் முன்வைத்த கூற்று நிற்குமா, விழுமா என்று பார்க்க உதவும். நாம் விடும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வேரில் இருந்து முளைப்பவை என்பது என் அபிப்பிராயம். நிறைவேற்று அதிகாரம் கொண்ட இலங்கை ஜனாதிபதியைப் பார்த்துப் பழகிய கண்ணால் அமெரிக்க ஜனாதிபதியையும் பார்க்கிறோம். அங்கே வாழும் உறவினர்களும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால், அவர்களும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

முதல் வேலை: கூற்றைத் தாளில் எழுதுதல்

பேச்சில் வரும் கூற்றை அப்படியே சோதிக்க முடியாது. “பைடன் வந்து பொருளாதாரத்தை நாசமாக்கினார்” என்பதையும் “ட்ரம்ப் நான்கு இலட்சம் பேரைச் சாகவிட்டார்” என்பதையும் எந்தப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிடுவது? ஆகவே சொன்னவரையே அதைத் திகதியோடும் அளவோடும் திருப்பிச் சொல்லும்படி கேட்டு, ஒரு தாளில் எழுதுங்கள். அத்தானின் முதற்கூற்று எழுத்தில் இப்படி வந்தது: “அமெரிக்காவின் வருடாந்தப் பணவீக்கம் 2021 ஜனவரியில் 1.4 சதவீதமாக இருந்து 2022 ஜூனில் 9.1 சதவீதமாக ஏறியது. 2021 மார்ச்சில் பைடன் கையெழுத்திட்ட 1.9 ட்ரில்லியன் டொலர் நிவாரணச் சட்டமே அதற்குக் காரணம்.” எழுதியவுடன் இதற்குள் இரண்டு கூற்றுகள் இருப்பது தெரியவரும். முதலாவது ஓர் எண். அது சரி என்பதை இரண்டு நிமிடத்தில் உறுதிப்படுத்தலாம். இரண்டாவது ஒரு காரணம். வாதத்துக்கு உரியது அது மட்டுமே. இப்படிப் பிரித்து எழுதியதிலேயே எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அடங்கிவிட்டது. எண்ணை மறுத்துக்கொண்டிருந்த மாமா அதைவிட்டுக் காரணத்துக்கு நகர்ந்தார்.

தாளில் எழுதும்போது எண்களின் அலகில் கவனம் வேண்டும். ஒரு மில்லியன் பத்து இலட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு ட்ரில்லியன் ஓர் இலட்சம் கோடி. தமிழில் வரும் காணொளிகளிலும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் பில்லியன் மில்லியனாகச் சுருங்குவதை அடிக்கடி காண்கிறேன்.

சொற்களையும் அதே தாளில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. “ஜனநாயகக் கட்சிக்காரர் சோசலிசவாதிகள்” என்று அத்தான் சொன்னபோது, “எங்கள் நாட்டின் பெயரே ஜனநாயக சோசலிசக் குடியரசு, கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்” என்றார் என் அக்கா. சிரிப்பு அடங்கியதும், இலவச வைத்தியசாலையையும் இலவசக் கல்வியையும் சோசலிசம் என்று அழைப்பதா, தனியார் சொத்தை அரசுடைமையாக்குவதை மட்டும் அப்படி அழைப்பதா என்று கேட்டு ஒரு பொருளை நிலைப்படுத்தினோம். அத்தானும் அக்காவும் அதுவரை ஒரே சொல்லால் வெவ்வேறு பொருளைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை: அதிகாரம் யார் கையில் இருந்தது என்று கேட்டல்

இந்தப் படியில்தான் கூடுதலான நேரம் செலவிட வேண்டும். மற்றப் படிகளை நேரமில்லாவிட்டால் தாண்டிப் போகலாம், இதைத் தாண்டக் கூடாது.

1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி சமஷ்டி ஆட்சியைக் கோரித் தீர்மானம் எடுத்த மாநாடு நடந்தது இதே திருகோணமலையில். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியும் காணி, பொலிஸ் அதிகாரங்கள் நடைமுறையில் கைக்கு வரவில்லை என்ற குறையை நாம் இன்றுவரை பேசுகிறோம். மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று இவ்வளவு காலம் பேசிய நாமே, அந்த அதிகாரம் உண்மையாகவே மாநிலங்களிடம் இருக்கும் ஒரு நாட்டைப் பற்றிப் பேச வந்தால், நல்லது கெட்டது எல்லாவற்றையும் வெள்ளை மாளிகையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

2020 மார்ச் 20 மாலை இலங்கை முழுவதற்கும் ஒரே அறிவிப்பில் ஊரடங்கு வந்தது. பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் ஒரே சட்டம். திருகோணமலையின் டச்பே கடற்கரையில் மான்களைத் தவிர எவரும் இல்லை. அமெரிக்காவில் அப்படி ஓர் ஆணையை எந்த ஜனாதிபதியும் பிறப்பிக்கவில்லை. மார்ச் 13இல் ட்ரம்ப் அறிவித்த தேசிய அவசரநிலை நிதியையும் உதவியையும் விடுவிப்பதற்கானது. மக்களை வீட்டில் இருக்கச் சொன்னவர்கள், அங்கே வாக்களித்துத் தெரிவுசெய்யப்படும் மாநில ஆளுநர்கள். மார்ச் 19இல் கலிபோர்னியா அதைத் தொடங்கியது. தெற்கு டகோட்டா கடைசிவரை அப்படி ஓர் ஆணை இடவில்லை. அரசியலமைப்பின் 10ஆம் திருத்தம், மத்திக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்களை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் விட்டுவைக்கிறது. மக்களின் சுகாதாரத்தைக் காக்கும் அதிகாரம் அவற்றுள் ஒன்று. பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்தவருக்கு மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி விதிக்கப்பட்ட 5 டொலர் தண்டத்தை 1905இலேயே அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் (Supreme Court) ஏற்றுக்கொண்டது.

ஆகவே “ட்ரம்ப் நாட்டை மூடினார்” என்ற கூற்றும், “ட்ரம்ப் நாட்டை அவசரப்பட்டுத் திறந்தார்” என்ற கூற்றும் இந்தப் படியிலேயே தடுமாறுகின்றன. 2020 ஏப்ரல் கடைசியில் ஜோர்ஜியா மாநிலத்தில் சலூன்களையும் உடற்பயிற்சிக்கூடங்களையும் திறக்க முடிவெடுத்தவர் ஆளுநர் பிரையன் கெம்ப். அவர் ட்ரம்பின் கட்சிக்காரர். இருந்தும் அந்த முடிவில் தமக்கு உடன்பாடில்லை என்று ட்ரம்ப் வெளிப்படையாகவே சொன்னார். பாடசாலைகளின் நிலை இன்னும் சிக்கலானது. அங்கே சுமார் 13,000 பாடசாலை மாவட்டங்கள் இருக்கின்றன. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதைப் பெரும்பாலும் அவையும் மாநிலங்களும் முடிவுசெய்தன. நம் வலயக் கல்விப் பணிமனை கொழும்பின் சுற்றறிக்கையைப் பார்த்து நடப்பதை நினைத்துக்கொண்டு அதை விளங்கிக்கொள்ள முடியாது.

மத்திய அரசிடம் இருந்தவை வேறு: எல்லைக் கட்டுப்பாடு, தடுப்பூசிக்கான நிதி, அனுமதி, கொள்வனவு, நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆலோசனை. சீனாவில் இருந்து வரும் வெளிநாட்டவருக்கான தடையை ட்ரம்ப் அரசு 2020 ஜனவரி 31இல் அறிவித்ததைப் புகழ்வதும் குறைகூறுவதும் நியாயமான வாதம், ஏனென்றால் அது அவர் கையில் இருந்தது. பொதுமக்கள் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று முதலில் சொன்ன மையம் ஏப்ரல் 3இல் அணியுங்கள் என்று மாற்றிச் சொன்னதையும் மத்திய அரசின் கணக்கில் எழுதலாம். பைடன் தம் கையை நீட்டிப் பார்த்த இடமும் உண்டு: 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் தடுப்பூசி அல்லது பரிசோதனை கட்டாயம் என்ற விதியை உயர் நீதிமன்றம் 2022 ஜனவரி 13இல் தடுத்தது, அதே நாளில், மத்திய அரசின் மருத்துவ நிதி பெறும் வைத்தியசாலை ஊழியருக்கான கட்டாயத்தை அனுமதித்தது. “நீதிமன்றம் தடுப்பூசிக் கட்டாயத்தைத் தூக்கி எறிந்தது” என்று அத்தானும் “நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது” என்று மாமாவும் சொன்னபோது இருவரும் ஒரே நாளின் தீர்ப்புகளைத்தான் சொன்னார்கள்.

பொருளாதாரத்துக்கு வந்தால், பணத்தை ஒதுக்குவது காங்கிரஸ் எனப்படும் அமெரிக்கப் பாராளுமன்றம். 2020 மார்ச் 27இல் சட்டமான சுமார் 2.2 ட்ரில்லியன் டொலர் நிவாரணப் பொதியை செனட் சபை 96க்கு 0 என்று நிறைவேற்றியது. ஆளுக்கு 1,200 டொலர் கொடுத்த அந்தக் காசோலைகளில் ட்ரம்பின் பெயர் அச்சிடப்பட்டிருந்ததால், பணத்தை அவரே கொடுத்தார் என்று பலர் நினைத்ததில் வியப்பில்லை. நிவாரணப் பொதியில் அமைச்சரின் படம் ஒட்டுவதை நாம் அறியாதவர்களா? 2020 டிசெம்பரில் 600 டொலர், 2021 மார்ச்சில் 1,400 டொலர் என்று மேலும் இரண்டு தடவை பணம் போனது. கடைசித் தடவைக்கு மட்டும் குடியரசுக் கட்சியினர் ஒருவரும் வாக்களிக்கவில்லை. பணம் அச்சிட்டுப் பங்கிட்டதால் விலை ஏறியது என்பது உங்கள் வாதமானால், அந்தப் பணத்தில் பெரும் பங்கு ட்ரம்ப் காலத்தில் இரு கட்சிகளும் சேர்ந்து கொடுத்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வட்டி வீதம் ஜனாதிபதியின் கையிலும் இல்லை, காங்கிரஸின் கையிலும் இல்லை. அதைத் தீர்மானிப்பது பெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கி. 2020 மார்ச்சில் பூச்சியத்துக்கு அருகே இறக்கப்பட்ட வீதம் 2022 மார்ச் வரை அங்கேயே கிடந்து, பின்னர் 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றப்பட்டது. அந்தக் காலம் முழுவதும் தலைவராக இருந்த ஜெரோம் பவலை முதலில் நியமித்தவர் ட்ரம்ப். மறுபடி நியமித்தவர் பைடன்.

பெற்றோல் விலைதான் நம்மை மிகவும் ஏமாற்றும் பொருள். இங்கே விலை மாற்றம் “நள்ளிரவு முதல்” என்று அறிவிப்பாக வருகிறது. அதனால் “பைடன் பெற்றோல் விலையை ஏற்றினார்” என்ற வாக்கியம் நம் காதுக்கு இயல்பாகக் கேட்கும். அமெரிக்காவில் சில்லறை விலையை அரசு குறிப்பதில்லை. 2020 ஏப்ரலில் உலகமே வீட்டுக்குள் இருந்ததால் விலை ஒரு கலனுக்கு 2 டொலருக்கும் கீழே விழுந்தது. அந்தச் சரிவு தாங்காமல் உற்பத்தியைக் குறைக்கும்படி ட்ரம்பே எண்ணெய் நாடுகளை வற்புறுத்தினார். 2022 பெப்ரவரியில் ரஷ்யா யுக்ரேனுக்குள் புகுந்த பிறகு, அந்த ஜூனில் சராசரி விலை 5 டொலரைத் தாண்டியது. பைடன் அவசர இருப்பில் இருந்து எண்ணெயைத் திறந்துவிட்டும் உடனே பெரிதாக இறங்கவில்லை. சீனன்குடா எண்ணெய்க் குதங்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதே ஆண்டில் பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்த ஊர் நம்முடையது. குதம் பக்கத்தில் இருப்பதற்கும் எரிபொருள் கிடைப்பதற்கும் தொடர்பில்லை என்பது நமக்குத் தெரியும். ஜனாதிபதிக்கும் விலைக்கும் உள்ள தொடர்பையும் அதே அளவு ஐயத்தோடு பாருங்கள்.

மூன்றாவது வேலை: நாட்காட்டியை விரித்தல்

இரு தரப்பினரும் தமக்குப் பிடித்த மாதத்தில் இருந்து எண்ணத் தொடங்குவார்கள். அமெரிக்காவின் வேலையின்மை 2020 பெப்ரவரியில் 3.5 சதவீதம், ஏப்ரல் மாதத்துக்கு முதலில் வெளியான கணக்கில் 14.7 சதவீதம், 2023 தொடக்கத்தில் 3.4 சதவீதம். பெப்ரவரியில் நின்று பேசினால் ட்ரம்பின் பொருளாதாரம் பொற்காலம். பதவியை விட்டுப்போன நாளில் நின்று பேசினால், பதவியேற்ற நாளைவிடக் குறைந்த வேலைகளோடு போனவர் அவர். 2021 ஜனவரியில் இருந்து எண்ணினால் பைடன் கோடிக்கு மேற்பட்ட வேலைகளை உருவாக்கியவர். அவற்றில் ஒரு பெரிய பங்கு, மூடிய கடை திறந்ததால் திரும்பி வந்த பழைய வேலைகள். 2020 பெப்ரவரியின் மொத்த எண்ணிக்கையை நாடு மறுபடி எட்டியது 2022இன் நடுப்பகுதியில். ஆகவே இரண்டு தரப்பையும் 2020 பெப்ரவரியில் இருந்து எண்ண வையுங்கள்.

இறப்புகளுக்கும் இதே முறைதான். பைடன் பதவியேற்ற வேளையில் கொரோனா இறப்புகள் சுமார் 4 இலட்சம். சுகாதார அவசரநிலை முடிந்த 2023 மே மாதத்தில் 11 இலட்சத்துக்கு மேல். “பைடன் காலத்தில்தான் கூடுதலானோர் இறந்தார்கள்” என்பது எண்ணளவில் உண்மை. ஆனால் முதலாவது காலம் ஓராண்டுக்கும் குறைவானது, தடுப்பூசி கடைசி மாதத்தில் மட்டுமே இருந்தது. இரண்டாவது காலம் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டது, தடுப்பூசி இருந்தது, புதிய திரிபுகளும் வந்தன. மொத்த எண்ணை ஒருவரின் பெயருக்கு எழுதுவதைவிட, அந்தந்த மாதத்தில் கையில் இருந்த கருவிகளைக் கொண்டு என்ன செய்திருக்கலாம் என்று கேட்பதே விளைவுள்ள கேள்வி.

நான்காவது வேலை: எதோடு ஒப்பிட்டு?

தாளில் இருந்த அத்தானின் கூற்றுக்குத் திரும்புவோம். அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்ட அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியாவில் 11.1 சதவீதம், யூரோ வலயத்தில் 10.6 சதவீதம். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி இங்கே 69.8 சதவீதம். பைடனின் காசோலை இலண்டனில் விலையை ஏற்றியிருக்க முடியாது என்று மாமா இதைக் கேட்டதும் மேசையில் தட்டினார். ஆனால் ஒப்பீடு அவருக்கும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. 2021 மே மாதத்தில், யுக்ரேன் போருக்கு வெகுமுன்பே, அமெரிக்காவில் பணவீக்கம் 5 சதவீதமாக இருந்தபோது யூரோ வலயத்தில் 2 சதவீதந்தான். உலகம் முழுவதற்கும் பொதுவான காரணம் ஒன்றும், அமெரிக்காவுக்கே உரிய காரணம் ஒன்றும் சேர்ந்து வேலை செய்தன என்பதே என் முடிவு. எது எத்தனை பங்கு என்பதில் பொருளியலாளர்களே உடன்படவில்லை என்பதால், விறாந்தையில் அதைத் தீர்க்க முயலவில்லை.

ஒப்பீட்டில் இன்னும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது வருட வீதம். 2020இன் இரண்டாம் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் 31 சதவீதம் சுருங்கியது என்றும், மூன்றாம் காலாண்டில் 33 சதவீதம் வளர்ந்து வரலாறு படைத்தது என்றும் செய்திகள் வந்தன. அந்தக் காலாண்டின் வேகம் ஓராண்டு நீடித்தால் என்னவாகும் என்ற கணக்கு அது. உண்மையான சுருக்கம் அப்போதைய மதிப்பீட்டில் சுமார் 9 சதவீதம், மீட்சி 7 சதவீதத்துக்குச் சற்று மேல். நூறு ரூபாய் 91 ஆகி, 98க்குக் கிட்ட வந்து நின்றது என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இரண்டாவது வயது. புளோரிடாவையும் கலிபோர்னியாவையும் நிறுத்தி, “திறந்துவிட்ட மாநிலத்தில் இறப்பு அதிகம்” என்று மாமா சொல்வார். புளோரிடாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர். கலிபோர்னியாவில் அந்தப் பங்கு வெகு குறைவு. வயதைச் சரிசெய்து கணக்கிட்டால் இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஐந்தாவது வேலை: பெயரை மாற்றி வாசித்தல்

இது ஒரு நிமிட வேலை. தாளில் ட்ரம்ப் என்று இருக்கும் இடத்தில் பைடன் என்று எழுதி, அதே கூற்றை உரத்து வாசியுங்கள். 2020 மே மாதம் தடுப்பூசியை விரைவுபடுத்தும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது ட்ரம்ப் அரசு. டிசெம்பர் 11இல் முதல் தடுப்பூசிக்கு அவசர அனுமதி கிடைத்தது. அந்த ஒக்டோபரில், ட்ரம்ப் சொன்னால் போட்டுக்கொள்ளமாட்டேன், சுகாதார நிபுணர்கள் சொன்னால் போட்டுக்கொள்வேன் என்ற கருத்தில் பைடனின் துணை ஜனாதிபதி வேட்பாளர் கமலா ஹாரிஸ் விவாத மேடையில் பேசினார். ஓராண்டுக்குள் ஐயம் அணி மாறிவிட்டது; ஊசி மட்டும் அதே ஊசிதான். பெயரை மாற்றியதும் உங்கள் தொண்டை அடைத்தால், நீங்கள் கொள்கையை விட்டு ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆறாவது வேலை: எண்ணால் தீராததை ஒதுக்கி வைத்தல்

பாடசாலைகளை மூடியதால் பிள்ளைகளின் கல்வி பாதிக்கப்பட்டதா என்பது எண்ணால் அறியக்கூடியது. 2022இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் நான்காம், எட்டாம் வகுப்புகளின் கணிதப் புள்ளிகள் அந்தத் தேர்வு தொடங்கிய காலத்தில் இருந்து காணாத அளவுக்கு விழுந்தன. மூடியதால் எத்தனை உயிர் காப்பாற்றப்பட்டது என்பதும் கொள்கையளவில் அளக்கக்கூடியது, கடினமானாலும். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு இழப்பையும் ஒரு பாட்டியின் உயிரையும் எந்தத் தராசில் வைப்பது, அதை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்பதற்குப் புள்ளிவிவரப் பணியகத்தில் விடை இல்லை. இப்படிப்பட்டவற்றைத் தாளின் மறுபக்கத்தில் எழுதி, “இதில் நாம் வேறுபடுகிறோம்” என்று குறித்துவிடுங்கள். “விஞ்ஞானம் சொல்கிறது” என்று எவராவது அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தால் சற்று நிதானியுங்கள். நிபுணர் குழு என்ற பெயருக்குப் பின்னால் அரசியல் முடிவு ஒளிந்துகொள்ள முடியும் என்பதை முஸ்லிம்கள் செறிந்து வாழும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் எவரும் விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யவும் இடமளித்திருந்தும், 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி இறுதி வரை இங்கே கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அதே வேளை, ஒரு தடவை அப்படி நடந்தது என்பதற்காக எல்லா வைத்தியரையும் தள்ளிவிடும் அத்தானின் வழக்கத்தோடும் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு கூற்றை முழுதாகச் சோதித்த கதை

சென்ற விடுமுறையில் தீர்வை வரி பற்றிய வாதம் வந்தது. 2025 ஏப்ரல் 2இல் புதிய தீர்வைகளை அறிவித்து ட்ரம்ப் காட்டிய பலகையில் இலங்கைக்கு எதிரே 88 என்றும் 44 என்றும் இரண்டு எண்கள் இருந்தன. “நம் நாடு அமெரிக்கப் பொருளுக்கு 88 சதவீதம் அறவிடுகிறது, அவர் பாதியைத்தான் போட்டார், அதுகூட இரக்கம்” என்றார் அத்தான். தாளில் எழுதினோம். அந்த 88 எங்கிருந்து வந்தது? அமெரிக்க அரசே வெளியிட்ட சூத்திரப்படி, இலங்கையோடான அமெரிக்காவின் பொருள் வர்த்தகப் பற்றாக்குறையை, அது இலங்கையில் இருந்து செய்யும் இறக்குமதியால் வகுத்தால் அந்த எண் வரும்: சுமார் 260 கோடி டொலரை சுமார் 300 கோடியால் வகுப்பது. தீர்வை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அதைப் பாதியாக்கியதே 44. ஆனாலும் இலங்கை இறக்குமதிக்குத் தீர்வைக்கு மேல் செஸ், துறைமுக வரி என்று அடுக்கடுக்காக அறவிடுவது பொய்யில்லை. வாகனம் இறக்கிய எவரையும் கேளுங்கள். அத்தானின் எண் விழுந்தது. அவருடைய முறைப்பாடு முழுதாக விழவில்லை.

மாமாவின் எதிர்க்கூற்று, “ட்ரம்ப் எங்கள் ஆடைத் தொழிலை அழித்துவிட்டார்” என்பது. நாட்காட்டியை விரித்தால், ஏப்ரல் 9இல் 44 நிறுத்தி வைக்கப்பட்டு 10 ஆனது; ஜூலையில் 30 என்று கடிதம் வந்தது; ஓகஸ்ட் 7இல் 20இல் நின்றது. ஒப்பீட்டுக்கு வந்தால், அதே வேளை பங்களாதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், இந்தியாவுக்கு அந்த மாத இறுதியில் 50. கொள்வனவாளர் ஓர் ஓடரை எங்கே கொடுப்பது என்று பார்க்கும்போது இந்த வித்தியாசமே முக்கியம். அதிகாரத்துக்கு வந்தால், தீர்வை விதிக்கும் உரிமையை அரசியலமைப்பு காங்கிரஸுக்குக் கொடுக்கிறது; ட்ரம்ப் 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைப் பயன்படுத்தியதால்தான் வழக்குகள் எழுந்தன. தீர்வையைத் துறைமுகத்தில் செலுத்துபவர் அமெரிக்க இறக்குமதியாளர் என்பதையும் மறக்கக் கூடாது. இலங்கையின் தனிப்பெரும் ஏற்றுமதிச் சந்தை அமெரிக்கா என்பதால் மாமாவின் அச்சம் வெறும் கட்சிப் பேச்சு என்று சொல்லமாட்டேன். விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளுக்கு அந்த 44 என்ற எண் ஒரு கிழமை நித்திரையைக் கெடுத்தது. “அழித்துவிட்டார்” என்ற சொல்லை மட்டும் “அச்சுறுத்தினார்” என்று மாற்றி எழுத அவர் சம்மதித்தார்.

கையோடு வைத்திருக்க வேண்டியவை

எண்களுக்கு மூலப் பதிவையே திறவுங்கள். வேலையின்மைக்கும் பணவீக்கத்துக்கும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம். மொத்த உற்பத்திக்குப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம். நீண்ட கால வரைபடத்துக்கு சென்ட் லூயிஸ் பெடரல் ரிசர்வ் வங்கியின் இலவசத் தரவுத்தளம். யார் எதற்கு வாக்களித்தார் என்பதற்கு காங்கிரஸின் வாக்கெடுப்புப் பதிவு. கைத்தொலைபேசியிலேயே எல்லாம் திறக்கும். வெளியான முதல் மதிப்பீடு பின்னர் திருத்தப்படும் என்பதால், பார்த்த திகதியையும் எண்ணுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தேடும் வேலையைக் கூற்றைச் சொன்னவரிடம் கொடுக்காமல் எதிரணிக்காரரிடம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தானுக்காக மாமா தேடுவார், மாமாவுக்காக அத்தான் தேடுவார். இருவரும் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மற்றவரின் எண்ணைத் தேடும் காட்சியைப் பார்ப்பதற்கென்றே அயலவர் சிலர் தேநீர் நேரத்துக்கு வருவதுண்டு.

விடுமுறை முடிந்து அவர்கள் விமானம் ஏறியதும் வாதம் வட்ஸ்அப் குழுமத்துக்கு இடம்மாறும். அங்கே தாளும் இல்லை, முகமும் இல்லை. திகதியோ வெளியிட்டவரின் பெயரோ இல்லாத படம் ஒன்று வந்தால், மறுப்பு எழுதாமல் “இது எந்த மாதக் கணக்கு, மாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு இருங்கள். எங்கள் குழுமத்தில் அந்தக் கேள்விக்கு விடை வந்தது பாதித் தடவைக்கும் குறைவு. விடை வராத படம் இரண்டாவது முறை வந்தது அதைவிடக் குறைவு.